நீலம் வந்தா சொல்லு

என் வீட்டுக்காரருக்கு நிறம் தெரியாது. இது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. ஒருவர் அவர், இன்னொருத்தி நான். பெற்ற மகளிடம்கூட நாங்கள் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் தக்காளி வாங்கி வரச் சொன்னேன். பை நிறையக் காயாக வாங்கி வந்து மேசையில் கொட்டி, "எல்லாம் நல்லாப் பழுத்தது, ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுத்தேன்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் சொன்னார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுபோலத்தான் இருக்குமாம். ரோஜாவும் இளநீலமும் இரண்டுமே சாம்பலாம். பள்ளிக்கூடத்தில் தேசப்படத்துக்கு வண்ணம் தீட்டும்போது கடலை ஊதாவாக்கி வைத்திருக்கிறார். வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினாராம். படிப்பு முடிகிற வரை பையன்கள் அவரை 'ஊதாக்கடல்' என்றுதான் கூப்பிட்டார்களாம். "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். என் வாய் சும்மா இருக்காது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட வாயில் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டேன்.

மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சோடிப் போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், கூடத்திலிருந்த சோபாவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. பவழம் வளர்க்கப் போகிறாராம். நிறம் தெரியாத மனுஷன் பவழம் வளர்ப்பது மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கியது மாதிரிதான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மகள் போனில் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா, எனக்கு ஒரு தம்பி பொறந்திருக்கான்" என்றாள். அதற்கப்புறம் எப்போது பேசினாலும் "தம்பி எப்படி இருக்கான்?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

பவழம் கல் இல்லை, உயிர். தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, உறிஞ்சி உறிஞ்சித் தனக்கு எலும்பு கட்டிக்கொள்கிற உயிர். கடலில் அதற்குப் பஞ்சமில்லை. தொட்டியில் நாம்தான் பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும். குறைந்தாலும் வினை, கூடினாலும் வினை. ஆகவே ஊற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும்.

அளப்பது இப்படி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம். அதில் ஒரு திரவம் சில சொட்டு, ஒரு பொடி அரைக் கரண்டி. குலுக்கினால் தண்ணீர் நல்ல ரோஜா நிறமாகும். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சில் இன்னொரு திரவத்தை எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் ரோஜா மங்கி, ஊதா காட்டி, சட்டென்று நீலமாகிவிடும். அங்கே நிறுத்த வேண்டும். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இறங்கியிருக்கிறதோ அதை வைத்து எண் வரும். எங்கள் தொட்டிக்கு நானூற்று முப்பது இருந்தால் எல்லாம் சுகம்.

ரோஜா நீலமாவதுதான் மொத்த சூட்சுமமும். அவருக்கோ இரண்டும் சாம்பல்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மேசை முன்னால் உட்காருவார், நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்பேன். "நீலம் வந்தா சொல்லு" என்பார். அவர் சொட்டு விடுவார், நான் குப்பியைப் பார்ப்பேன். "இன்னும் இல்ல... இல்ல... ஊதா அடிக்குது, மெதுவா... போதும், நிறுத்துங்க." இவ்வளவுதான் பேச்சு. நான் ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கண்டவர்களும் திட்டுவதைக் காதில் வாங்கி "புரியுதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தால் இவர் ஆடிட்டர். எண் சொன்னால் நம்புவார், ஆள் சொன்னால் சந்தேகப்படுவார். சாப்பாட்டு மேசையிலும் பேச்சு கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் மட்டும்தான் அவர் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நான் நிற்பேன், நான் சொன்னதை அவர் அப்படியே கேட்பார். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாரம் முழுக்க அதற்காகவே காத்திருந்தேன்.

புதிதாக ஒரு பவழம் வாங்கி வந்தால், "இது என்ன கலர்?" என்று மெதுவாகக் கேட்பார். நான் சொல்லுவேன். நுனியெல்லாம் ஊதா, உடம்பு பச்சை, கிட்டப் போய்ப் பார்த்தால் பச்சைக்குள் மஞ்சள் பொட்டு என்று சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அந்த ஊதா நுனிக்காரிக்கு 'மருமகள்' என்று பேர் வைத்தது நான். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினாலும், யாராவது கையை விட்டாலும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் வந்தபோது விரல் நீளம் இருந்தவள் ஒரு புதர் மாதிரி வளர்ந்து நின்றாள்.

குப்பிகளைக் கழுவுவதும் என் வேலைதான். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், குடிக்கிற தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும். அதனால் தொட்டிக்கென்று உப்பெல்லாம் நீக்கிப் பிடித்து வைத்திருக்கும் நீலக் கேனிலிருந்து ஊற்றித்தான் அலசிக் கவிழ்ப்பேன். எந்தத் தண்ணீரில் கழுவுகிறேன் என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கழுவிய குப்பி மேசைக்கு வந்தால் போதும் அவருக்கு.

பவழம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர் ஒரு பல் டாக்டர். கூடவே எப்போதும் ஒரு தம்பி வருவார், ஆள் இரட்டை நாடி, எல்லோரும் அவரைத் 'திமிங்கிலம்' என்பார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். இந்தச் சங்கத்தில் சிறந்த வீட்டுத் தொட்டிக்குப் பரிசு கொடுப்பதாக அறிவித்தார்கள். வீடு வீடாக வந்து பார்ப்பார்களாம். தொட்டிக்குச் சொந்தக்காரர் அவர்கள் கண்முன்னால் கால்சியம் அளந்து காட்ட வேண்டுமாம்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிப் போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் ஆயிற்று அப்படிப் பிடித்து!

"நீ டீத் தட்டோட பக்கத்துல நில்லு. நீலம் வந்ததும், 'டீ ஆறுது'ன்னு சொல்லு. நான் நிறுத்திடறேன். யாருக்கும் சந்தேகம் வராது."

"டீ ஆறுது?"

"ஆமா. சாதாரணமா சொல்லு. நடிக்காதே."

ஒத்திகைகூடப் பார்த்தோம். நான் வெறும் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். "டீ ஆறுது" என்றேன். அவர் நிறுத்தினார். இருவரும் சிரித்துவிட்டோம். நாற்பத்தெட்டு வயதில் திருட்டு மாங்காய் அடிக்கப் போகிற பிள்ளைகள் மாதிரி இருந்தது எனக்கு.

வந்தார்கள். டாக்டர் தொட்டிக்கு முன்னால் மண்டி போட்டுப் பார்த்தார். திமிங்கிலம் மருமகளைப் பார்த்து, "அண்ணே, இந்த ஊதா நெஜந்தானா?" என்று வாயைப் பிளந்தார். என் வீட்டுக்காரர், நுனியெல்லாம் ஊதா, உடம்பு பச்சை, பச்சைக்குள் மஞ்சள் பொட்டு என்று நான் சொல்லிக் கொடுத்ததை வரி பிசகாமல் ஒப்பித்தார். நான் டீத் தட்டோடு வந்து நின்றேன்.

"அண்ணியும் உங்களுக்கு உதவி பண்ணுவாங்களா?" என்று திமிங்கிலம் கேட்டார்.

"இவளா? பவழத்துக்கும் காலிஃபிளவருக்கும் வித்தியாசம் கேட்டா முழிப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெஞ்சுக்குள் யாரோ கிள்ளியது போலிருந்தது. சபையில் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும் போல, சந்தேகம் வராமலிருக்க என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் சொட்டு விட ஆரம்பித்தார். அப்போது நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், அவர் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் ரோஜா மங்கியது, ஊதா வந்தது, நீலமானது.

"டீ ஆறுது" என்றேன்.

அவர் நிறுத்தினார். டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என்ன கை சார் உங்களுக்கு!" என்றார்.

பரிசு அவருக்குத்தான். ஒரு சின்ன அரங்கில் விழா. மேடையில் ஏறி நன்றி சொன்னார். உப்புக் கம்பெனிக்கு, விளக்குக் கம்பெனிக்கு, டாக்டருக்கு, பொறுமையைக் கற்றுக் கொடுத்த தன் அப்பாவுக்கு. நான் முன்வரிசையில் முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறம் பற்றிச் சொல்ல வேண்டாம், கண் பற்றிச் சொல்ல வேண்டாம். 'என் மனைவி' என்று ஒரு வார்த்தை போதும். வரும் வரும் என்று பார்த்தேன். கைதட்டல்தான் வந்தது.

பரிசாகக் கொடுத்தது ஒரு மெஷின். உள்ளங்கை அளவு. குப்பியை அதற்குள் வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினால் கால்சியம் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டிவிடும். நிறம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

"இனிமே உனக்கும் தொல்லையில்ல" என்றார்.

"எனக்குத் தொல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவர் காதில் விழவில்லை. மெஷின் பெட்டியின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "நீ போய் வேலையைப் பாரு" என்றார். கறிவேப்பிலையை வாசனைக்குப் போட்டுவிட்டு ஓரமாக எடுத்து வைப்பார்களே, அதுபோல ஆனேன். சமையலறையில் நின்று அழுதேன். ஒரு மெஷினுக்காக அழுகிறோமே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் வேலை நேரத்தில் போன் பண்ணினார். அவர் பண்ணுகிற ஆளே இல்லை.

"மெஷின் ஐநூத்தித் தொண்ணூறு காட்டுது!"

"இருக்காதுங்க. போன வாரந்தானே நானூத்தி முப்பது பாத்தோம்?"

"நீ பாத்தே. உன் கண்ணு பாத்துச்சு. இத்தனை வருஷமா உன் கண்ணை நம்பிக் கால்சியத்தை அள்ளிக் கொட்டியிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா எல்லாம் செத்திருக்கும்."

கால்சியம் பாட்டிலையும் அதற்கு ஜோடியாக ஊற்றுகிற இன்னொரு பாட்டிலையும் அன்றே நிறுத்திவிட்டார். எண் இறங்கி நானூற்று முப்பதுக்கு வருகிற வரை ஒரு சொட்டும் கிடையாதாம்.

முதலில் வாடியது மருமகள்தான். ஊதா நுனி ஒவ்வொன்றாக வெளிறியது. பச்சை உடம்பு பழைய துணி மாதிரி ஆயிற்று. "ஏங்க, மருமகளைப் பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு அவள் என்றைக்கும் சாம்பல்தான். நான் சொன்னால்தான் அவருக்கு ஊதா. சொல்வதை அவர் கேட்பதை நிறுத்தியதும் அந்த ஊதாவும் போயிற்று.

அவர் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் பழைய சோதனைப் பெட்டியை எடுத்தேன். தனியாகச் சொட்டு விட்டேன். வழக்கமான கோட்டுக்கு வெகு முன்னாலேயே நீலம் வந்துவிட்டது. கோட்டைப் பார்த்தேன். முந்நூற்றுப் பத்து. இன்னொரு தடவை செய்தேன். அதே முந்நூற்றுப் பத்து. மெஷின் அன்று காலை காட்டியதாக அவர் சொன்னது நானூற்று எழுபது. பவழமெல்லாம் பட்டினி கிடக்கிறது, இவர் வயிறு நிறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெஷின் எப்படிப் பொய் சொல்லும் என்று அதன் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பக்கத்திலேயே குடிக்கிற தண்ணீர் ஜாடி இருந்தது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் படித்தேன். தொட்டித் தண்ணீரில் ஒரு துளிதான் எடுக்க வேண்டும், அதை உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீரில் நூறு மடங்கு கலக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இவர் கேனுக்குப் பதில் ஜாடியிலிருந்து ஊற்றியிருக்கிறார். ஜாடித் தண்ணீரில் இருக்கும் இத்துணூண்டு சுண்ணாம்பையும் மெஷின் நூறால் பெருக்கித் தொட்டியின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நான் இத்தனை வருஷம் குப்பி கழுவியதும் இந்த ஜாடியில்தான் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

வந்ததும் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன், புகார் பிரிவில் பேசுகிற குரலில்.

"குடிக்கிற தண்ணியை விடச் சுத்தமானது என்ன இருக்கு?" என்றார்.

"குடிக்க அது சுத்தம். இதுக்குக் கேன் தண்ணிதான். புத்தகத்துலயே போட்டிருக்கு, பாருங்க."

"நான் ஆடிட்டர். எனக்கு நீ படிக்கச் சொல்லித் தர்றியா?"

"சரி, படிக்க வேணாம். பழையபடி சேர்ந்து ஒரு தடவை சொட்டு விட்டுப் பாக்கலாம், வாங்க. முந்நூத்திப் பத்துலயே நீலம் வந்துடுது."

"யார் கண்ணுக்கு?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"உனக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகல. வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். அதுமேல பொறாமை."

பொறாமைதான். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அது வந்த நாளிலிருந்து அதைத் தூக்கிக் குப்பையில் போட என் கை துடித்தது. ஆனால் பொறாமைக்காரி சொன்னதற்காக முந்நூற்றுப் பத்து நானூற்று எழுபதாகிவிடுமா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும் அது வால் என்பார்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் என் தலையில் விடிந்தது. அவர் குளிக்கப் போகிற நேரத்தில் இரண்டு பாட்டிலிலிருந்தும் அளவாக எடுத்து, அளவாகவே, தொட்டியில் ஊற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் தாங்காது என்று எனக்குத் தெரியும். நாலைந்து நாளில் மருமகளின் ஒரு நுனியில் லேசாக ஊதா திரும்பியது. என் மகள் முதன்முதலில் 'அம்மா' என்றபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. ஆனால் மெஷின் சும்மா இருக்குமா? இறங்கிக்கொண்டிருந்த எண் ஏற ஆரம்பித்தது. கணக்கில் ஒரு பைசா உதைத்தாலும் தூங்காத மனுஷன் அவர். ஒரு காலையில் குளிக்கப் போகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். என் கையில் பாட்டில் இருந்தது.

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. "ஓ, நீதானா?" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் போனை என் முன்னால் வைத்தார். சங்கத்தின் குழுவில் எழுதியிருந்தார்: 'என் மனைவி தெரியாத்தனமாகக் கால்சியம் பாட்டிலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ரீடிங் ஏறிவிட்டது. ஊதா நுனி பிழைப்பது கஷ்டம்.' கீழே வரிசையாக அழுகிற முகங்கள். ஒருவர், 'வீட்டில் இருப்பவர்கள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் சார்' என்று யோசனை சொல்லியிருந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பட்டினி போட்டவர் காவல்காரர், சோறு போட்டவள் கொலைகாரி.

மறுபடியும் பாட்டில்கள் நின்றன. இந்தத் தடவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மருமகளின் அடிப்பக்கம் தோல் உரிய ஆரம்பித்தது. உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. வெள்ளை அவருக்கும் தெரியும். தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

துக்கம் விசாரிக்கிற மாதிரி டாக்டரும் திமிங்கிலமும் வந்தார்கள். திமிங்கிலம் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"சார், இது கால்சியம் கூடினதால வந்த மாதிரி எனக்குத் தெரியல. மெஷின் இருக்கட்டும். பழைய சொட்டு டெஸ்ட் ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா?"

"மெஷின் கரெக்டா காட்டுதே, டாக்டர். இன்னைக்குக் காலைல ஐநூறு."

"பாத்துடுவோம். நீங்களே போடுங்க. உங்க கைதான் கை, அன்னைக்குப் பாத்தோமே!"

என் வீட்டுக்காரர் எழுந்து சமையலறைக்கு வந்தார். வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "டீ போடு" என்றார்.

எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் முன்னால் என்னைத் திட்ட அவருக்கு என் தயவு தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது. அடுப்பைப் பற்ற வைத்தேன். கோபம் அடங்கவில்லை. ஆனால் வாசலில் நின்ற அந்த முகத்தில் வாத்தியார் தூக்கிக் காட்டிய தேசப்படத்துக்குப் பக்கத்தில் நின்ற பையன் தெரிந்தான். அவனை நான் எப்படி விடுவது? அதுவுமில்லாமல், சரியான சொட்டில் நான் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவர் மானம் தப்பும். எண் குறைவாக வரும், பாட்டில் பூட்டு திறக்கும், மருமகளின் பாதியாவது பிழைக்கும். என் பேரும் தப்பும். அத்தனையும் ஒரு சொட்டில் இருந்தது. டீயைக் கோப்பைகளில் ஊற்றித் தட்டில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

ரோஜா நிறம் நன்றாக வந்திருந்தது. அவர் சிரிஞ்சை எடுத்தார். ஒரு சொட்டு, குலுக்கல். ஒரு சொட்டு, குலுக்கல். டாக்டரும் திமிங்கிலமும் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். ரோஜா மங்கியது. ஊதா. அடுத்த சொட்டில் பளிச்சென்று நீலம்.

"டீ ஆறுது" என்றேன்.

அவர் கை நின்றது. சிரிஞ்சின் கோட்டைப் பார்த்தார். முந்நூற்று முப்பது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வேலையில் போனில் நான் எவ்வளவு உண்மையைச் சொன்னாலும், 'இவள் பொய்தான் சொல்லுவாள்' என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுகிறவர்களின் குரல் இருக்கிறதே, அந்தக் குரலுக்கு ஒரு கண் இருந்தால் அப்படித்தான் பார்க்கும். நான் ஜெயிப்பதற்காகச் சீக்கிரமே சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

இன்னொரு சொட்டு விட்டார்.

"டீ ஆறுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"ஆறட்டும்" என்றார்.

சொட்டு விட்டுக்கொண்டே போனார். நீலத்தில் நீலம் விழுந்துகொண்டிருந்தது. அவர் குப்பியைப் பார்க்கவே இல்லை. சிரிஞ்சின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திமிங்கிலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டாக்டர் அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

ஐநூறு கோடு வந்ததும் நிறுத்தினார். குப்பியை உயர்த்திக் காட்டினார்.

"இதோ, இப்பதான் மாறுது. பாத்தீங்களா? ஐநூறு. மெஷின் சொன்ன அதே நம்பர்."

டாக்டர் குப்பியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அப்புறம் என்னையும் என் கையிலிருந்த தட்டையும் பார்த்தார். அன்றைக்கு நான் எப்போது வாயைத் திறந்தேன் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மாறிப் போயிற்று. பல் டாக்டர்தானே, வலிக்காமல் பேசத் தெரிந்தவர்.

"ஆமா சார்" என்றார். "ஐநூறுதான்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா?" என்றார். வாரக்கணக்கில் காணாத சிரிப்பு அவர் முகத்தில்.

அவர்களை வழியனுப்ப நான்தான் வாசல் வரை போனேன். திமிங்கிலம் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தவர் நிமிரவே இல்லை. டாக்டர் தாழ்ந்த குரலில், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவர் முகத்தைப் பாத்தப்புறம் எனக்கு மனசு வரல" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொன்னேனே, டாக்டர். உங்க முன்னாடியே ரெண்டு தடவை சொன்னேன்."

அவர் படியிறங்கிப் போனார்.

உள்ளே வந்தேன். அவர் தொட்டிக்கு முன்னால் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இனி அந்தப் பாட்டில்கள் திறக்கப்போவதில்லை. மருமகள் இன்னும் கொஞ்ச நாள் நிற்பாள், அவ்வளவுதான். மகள் போன் பண்ணித் தம்பி எப்படி இருக்கான் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய ரகசியம் இப்போது இரண்டு பேருடையது இல்லை, நாலு பேருடையது. அது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

"குப்பியைக் கழுவி வை" என்றார் திரும்பிப் பார்க்காமலே.

எடுத்துக்கொண்டு போனேன். நீலத் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டினேன். கேன் தண்ணீரைத் தேடிப் போகவில்லை. குழாயைத் திறந்து, அதிலேயே அலசிக் கவிழ்த்து வைத்தேன்.